முதலில் எடை மேடைக்குப் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சக்கர இயக்க வண்டியில் நெடும்பயணம் புறப்படுவோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடம் சுற்றி இழுக்கும் உருளை), கூரைக் கூடாரம், இரண்டாவது பேட்டரி, குளிர்பெட்டி, விளக்கு வரிசை என்று வாங்கி மாட்டவேண்டியவற்றை எல்லாம் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருக்கிறார். படங்களும் கண்ணைப் பறித்தன. ஆனால் அத்தனை பத்திகளில் 'கிலோ' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. இத்தகைய வண்டிகளின் அடியில் படுத்தே காலத்தைக் கழித்த மெக்கானிக் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஆட்களும் சுமையும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்ச எடையை வரையறுத்திருக்கிறார். அதைக் கையேட்டில் பார்க்கலாம். வெறும் வண்டி 2,200 கிலோ, உச்சம் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 800. நிறைய இருப்பதுபோலத் தோன்றும். நான்கு பெரியவர்கள் ஏறினால் 300 போய்விடும். பம்பரும் வின்சும் 90. கூரைச் சட்டமும் கூடாரமும் இன்னொரு 90. பேட்டரியும் கம்பிகளும் 30. குளிர்பெட்டியும் இழுப்பறைகளும் 90. தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. கூடுதல் டீசல் 80 லிட்டர், ஏறத்தாழ 67 கிலோ. இரண்டாவது ஸ்டெப்னி 35. கூட்டிப் பாருங்கள், 762 ஆகிவிட்டது. ஸ்பானர் பெட்டி, ஜாக்கி, துணிமணி, அடுப்பு, சாப்பாட்டுச் சாமான் எதுவும் இன்னும் ஏறவில்லை. அவற்றுக்கு இருப்பது 38 கிலோ.

'கெட்டியான ஸ்பிரிங் போட்டுவிட்டேன், இனிக் கவலை இல்லை' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றினால் தொங்கிய பின்பக்கம் நிமிரும், பார்க்க அழகாக இருக்கும். பிரேக் அதே பிரேக்தான். வீல் பேரிங்கும், சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் அதே பழையவைதான். கரடுமுரடான மண் பாதையில் மணிக்கணக்கில் குலுங்கும்போது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சூடேறி, அது அதிர்வை அடக்கும் வலிமையை இழக்கும். சுமை கூடக்கூட இது சீக்கிரம் நடக்கும். அதற்குப் பிறகு அந்த அடியெல்லாம் சேஸிஸுக்கும் அதில் முடுக்கியிருக்கும் போல்ட்டுகளுக்கும் போய்ச் சேருகிறது. என் பட்டறைக்கு வந்த சேஸிஸ் விரிசல்களில் பெரும்பாலானவை பின் ஆக்சிலை ஒட்டியே இருந்தன. பாரத்தை எல்லாம் அங்கேதானே குவிக்கிறார்கள்!

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்னால் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். டேங்கை நிரப்பி, பயணம் போகிற ஆட்கள் எல்லாரும் ஏறிக்கொண்டு, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, முழு வண்டியையும் நிறுத்தி ஒரு எடை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின் ஆக்சில் தாங்கும் எடை. மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் அதன் வரம்பைத் தாண்டியிருப்பது சாதாரணம். கூரைக்கும் தனி வரம்பு உண்டு. வண்டி ஓடும்போது பல வண்டிகளுக்கு அது 100 கிலோ அளவுதான், கூரைச் சட்டத்தின் எடையையும் சேர்த்து. கூடாரத்துக்குப் பக்கத்தில் டீசல் கேன்களையும் ஸ்டெப்னியையும் கட்டியிருப்பதாக உங்கள் கட்டுரைப் படம் காட்டுகிறது. பக்கச் சரிவான பாதையில் அந்த வண்டிக்குள் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

டயரிலும் கணக்கு இருக்கிறது. பக்கச் சுவரில் 112 என்று போட்டிருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓட்டாமல் கிடந்த டயர் புதிது என்று நம்பிவிடாமல் இதைப் பாருங்கள். மணலில் காற்றழுத்தத்தை 15 முதல் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து, புதையாமல் ஏறிப்போகும். ஆனால் கெட்டித் தரை வந்ததும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். ஆகவே கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். விளக்கு வரிசைக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல கம்ப்ரஸரே வாங்கிவிடலாம்.

ஆற்றைக் கடப்பது பற்றிக் கட்டுரையில் ஸ்நார்கல், அதாவது எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய், மட்டும் வருகிறது. அது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும், சரி. ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர் தொகுதியான டிஃபரன்ஷியலை யார் காப்பது? ஓடிச் சூடேறிய அதன் ஹவுசிங் (வெளிக்கூடு) சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. உள்ளே காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ நீருக்குள் மூழ்கியிருந்தாலோ, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மூச்சுக்குழாயில் ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி அதன் வாயை எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆழமான நீரைக் கடந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்கவும் வேண்டும். பால் நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

இன்னொன்று: வண்டியை வாங்கிய நாளிலிருந்து நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். புறப்படும் முன் மண் தரையில் போட்டு ஓட்டுங்கள். முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் அப்படி ஓட்டக்கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்வதால் கியர்களில் முறுக்கம் ஏறிவிடும். பிறகு முழுச் சுமையோடு இரண்டு நாள் பக்கத்தில் எங்காவது சுற்றிவிட்டு வந்து, வீல் நட்டு முதல் கூரைச் சட்டம் வரை எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள். அந்த இரண்டு நாளில் திறக்காத பெட்டிகளில் பாதியை வீட்டிலேயே இறக்கிவைத்துவிடலாம்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை உடனே எழுதவைத்த விஷயம். கட்டுரையின் மூன்றாவது படத்தில், சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே எடுக்க, டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் பட்டையைக் கோத்திருக்கிறார்கள். அந்த உருண்டை சீராக இழுப்பதற்கானது. நீளும் பட்டையின் திடீர் வெட்டிழுப்பில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேஸிஸோடு போல்ட் போட்டு முடுக்கிய, தாங்கும் எடை குறிக்கப்பட்ட கொக்கியில் மட்டுமே பட்டையை மாட்டவேண்டும். சுற்றி நிற்பவர்களைத் தூரப் போகச் சொல்லவேண்டும். அந்தப் படத்துக்குத் திருத்தம் ஒன்றை, அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற மெக்கானிக்