மணப்பாடு கடக்கரையில திமிங்கலத்துக்குத் தண்ணி ஊத்துன எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். 2016 ஜனவரி 11, 12 ரெண்டு நாளும் ஆலந்தலை, கல்லாமொழி, குலசை, மணப்பாடு கடக்கரையில நின்னவங்களுக்குத்தான் இந்த மடல். பத்து வருசம் ஆகிப்போச்சு, இன்னும் யாருமே அவங்களுக்கு ஒழுங்கா ஒரு நன்றி சொல்லலங்குறது என் மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு உதவி செஞ்சவங்கள்ல பாதிப்பேரோட பேரு எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் "எம்பேரெல்லாம் போட வேண்டாம்ளா" ன்னு சொல்லிட்டாங்க, அதனால பேரு இல்லாமலே எழுதுறேன், படிக்கும்போது அவங்கவங்களுக்குப் புரியும்.

வெளியூர்க்காரங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். அன்னைக்கு திங்கக்கிழமை, பொங்கலுக்கு மூணு நாலு நாள்தான் இருக்கு. சாயங்காலத்துல இருந்து திருச்செந்தூருக்குத் தெக்க கரையோரமா கருப்பு கருப்பா திமிங்கலம் ஒண்ணு ரெண்டா வந்து ஒதுங்க ஆரம்பிச்சுது, ராத்திரி ஆக ஆக கூட்டமா வந்துட்டு, விடிஞ்சு பாத்தா கல்லாமொழியில இருந்து மணப்பாடு வரைக்கும் எங்க பாத்தாலும் கிடக்கு. அப்ப சொன்ன கணக்கு 81 ஒதுங்குனது, அதுல 45 செத்துப்போச்சு, 36 உயிரோட கடலுக்குள்ள கொண்டுபோய் விட்டது. அப்புறம் கொண்டுபோய் விட்டதுலயும் பல திரும்ப கரைக்கே வந்து செத்துப்போச்சு. செய்தியில வந்ததெல்லாம் செத்துக் கிடந்த படம்தான், அதையே திருப்பித் திருப்பிப் போட்டாங்க. அந்தப் படத்துல ஓரத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு தள்ளிக்கிட்டு இருக்குற ஆளு யாருன்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு அந்த ஆளுங்களப் பத்திதான் பேசணும்.

முதல்ல போட்டுக்காரங்க. மாமா, அண்ணன், தம்பிமாரு எல்லாருக்கும். பொங்கலுக்கு முன்னாடி நாலு காசு பாக்குற நேரம் அது, அன்னைக்குத் தொழிலுக்குப் போகாம ஃபைபர் போட்டையும் வள்ளத்தையும் திமிங்கலம் இழுக்க எடுத்தீங்க. டீசல் உங்க காசு, வலையை இறக்கி வச்சுட்டு வந்தது உங்க முடிவு, யாரும் உத்தரவு போடல. ஒரு திமிங்கலத்தை ஆழத்துக்குக் கொண்டுபோறதுன்னா சும்மா கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போற வேலை கிடையாது. அது மீன் இல்ல, நம்மள மாதிரி நுரையீரல்ல மூச்சு விடுற உயிரு, தலைமேல இருக்குற மூக்கு ஓட்டை தண்ணிக்குள்ள போயிட்டா மூச்சு முட்டிரும், அதனால இஞ்சினை ரொம்ப மெதுவா வச்சு, ஒரு ஆளு பின்னாடி திரும்பி உக்காந்து அது மூச்சு விடுதா விடுதான்னு பாத்துக்கிட்டே போகணும். வயசான ஒரு மாமா கரையில நின்னு "மெதுவா லே, மெதுவா, அதுக்கு மூச்சு வாங்குது" ன்னு தொண்டை கிழிய கத்துனாரு, அந்தச் சத்தம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு.

கொண்டுபோய் விட்டுட்டு போட்டு திரும்புது, போட்டு கரைக்கு வர்றதுக்குள்ள அந்தத் திமிங்கலமும் பின்னாடியே கரைக்கு வருது. அதைப் பாத்து ஒரு தம்பி தண்ணியிலயே நின்னு அழுதான். "நாம என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்லையே" ன்னான். தம்பி, இதை நீ படிச்சேன்னா உனக்காகவே இந்த அடுத்த பத்தி எழுதுறேன்.

அது திரும்பி வந்தது உன் வேலை சரியில்லாததனால இல்ல. அன்னைக்கு வந்தது குறுந்துடுப்பு பைலட் திமிங்கலம், சொந்தபந்தம் விட்டுப் பிரியாத ஜாதி. ஆழ்கடல்ல ஆயிரம் மீட்டர் வரைக்கும் முங்கி கணவாய் பிடிச்சுத் திங்கும், அம்மா, பிள்ளை, பாட்டின்னு ஒரே கூட்டமா வாழும். பொம்பளைத் திமிங்கலம் ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேல குட்டி போடுறது நின்னுரும், அதுக்கப்புறமும் வருசக்கணக்கா உயிரோட இருந்து கூட்டத்தோடயே சுத்தும், மனுசங்களத் தவிர இப்படி இருக்குற உயிரினம் உலகத்துல ரொம்பக் கொஞ்சம்தான். நோய் வந்தோ வழி தப்பியோ அதுல ஒண்ணு கரைக்கு வந்துட்டா மத்ததும் அதை விட்டுட்டுப் போகாது. நம்ம கரை மாதிரி சரிவு கம்மியான மணல் கரையில அதுங்க சத்தம் அனுப்பி எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கிறதும் சரியா வேலை செய்யாது. நீ ஆழத்துல விட்ட அந்தத் திமிங்கலத்துக்கு கரையில கிடக்குற அது ஆளுங்க கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு, வந்துட்டு. நியூசிலாந்துல ப்ராஜெக்ட் ஜோனான்னு ஒரு அமைப்பு இதுக்குன்னே ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்குது, அவங்க தனித்தனியா விடமாட்டாங்க, பொழைக்கிறதை எல்லாம் தண்ணியில ஒண்ணா சேத்து நிறுத்தி வச்சு, தெளிஞ்சதுக்கப்புறம் மொத்தமா அனுப்புவாங்க. அவ்வளவு அனுபவம் உள்ளவங்களுக்கே 2017 பிப்ரவரியில அங்க ஃபேர்வெல் ஸ்பிட்டுங்குற கடக்கரையில 400க்கு மேல ஒதுங்குனப்ப முக்கால்வாசி விடியறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு, தண்ணியில விட்டதுல நிறைய மறுபடி கரை ஏறிட்டு. அப்ப நீ, வாழ்க்கையில முதல் தடவையா திமிங்கலத்தத் தொட்டவன், அந்த இருட்டுல செஞ்சது எவ்வளவு பெரிய காரியம்னு நெனச்சுப் பாரு.

அடுத்து அக்கா, மைனி, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும். வெயில் ஏற ஏற திமிங்கலத்தோட தோல் வறண்டு வெடிக்க ஆரம்பிச்சுது. அதுக்கு உடம்பு முழுக்க தோலுக்கு அடியில தடியா கொழுப்பு இருக்கு, கடல் குளிரைத் தாங்குறதுக்கு, அதே கொழுப்பு கரையில அதுக்கு எமன், சூடு வெளிய போகாது. தண்ணி தாங்குற வரைக்கும் அதுக்கு வெயிட்டே தெரியாது, மணல்ல கிடந்தா ரெண்டு மூணு டன் உடம்பும் அது நெஞ்சு மேலயே உக்காந்துரும். யாரும் சொல்லாமலே நீங்க வீட்டுல கிடந்த பழைய சேலை, கைலி, பெட்ஷீட்டு எல்லாம் கொண்டுவந்து கடல்தண்ணியில நனைச்சு முதுகுல போத்துனீங்க, குடத்துல, வாளியில, பெயிண்ட் டப்பாவுல தண்ணி மொண்டு ஊத்துனீங்க. மூக்கு ஓட்டைய மூடாம சேலைய ரெண்டு பக்கமும் ஒதுக்கி வச்சது யாரு யோசனைன்னு தெரியல, அது எவ்வளவு சரியான காரியம்னு அப்புறமா ஒரு கால்நடை டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது.

நானும் ஒண்ணுக்குப் பக்கத்துல உக்காந்து தண்ணி ஊத்துனேன். கைய வச்சா தோல் நனைஞ்ச லாரி டியூப் மாதிரி வழவழன்னு இருக்கு, ஆனா சூடு. சின்னக் கண்ணு, வாய் முடியிற இடத்துக்குப் பக்கத்துல, அதைத் திறந்து நம்மளப் பாக்குது, அது ஓரத்துல கொழகொழன்னு கண்ணீர் மாதிரி வடியுது. ரொம்ப நேரம் மூச்சே விடாம கிடக்கும், செத்துப்போச்சுன்னு நெனைக்கும்போது 'புஸ்ஸ்' ன்னு ஒரு மூச்சு, மீன் கவிச்சி வாடையோட நம்ம மூஞ்சி மேலயே அடிக்கும். அப்ப பக்கத்துல இருந்த பெரியம்மா "இருக்குளா, உசுரு இருக்கு, ஊத்து ஊத்து" ன்னாங்க. அதோட வயித்துப் பக்கமா ஒரு குட்டி ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு, விசில் அடிக்கிற மாதிரி மெலிசா சத்தம் குடுத்துக்கிட்டே. பெரியம்மா தாய்க்கு ஒரு குடம் ஊத்துனா குட்டிக்கு ஒரு சொம்பு ஊத்துவாங்க, மாத்தி மாத்தி, மத்தியானம் வரைக்கும் சாப்பிடக்கூட எந்திரிக்கல. குட்டிய முதல்லயும் தாய அடுத்தும் இழுத்துட்டுப் போனாங்க. அந்த ரெண்டும் திரும்பி வந்ததை நான் பாக்கல. பெரியம்மா இப்ப இல்ல, அவங்க பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா உங்க அம்மா அன்னைக்கு என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கிடுங்க.

வதந்தியை நிறுத்துன வாத்தியார்மாருக்கும் சிஸ்டர்மாருக்கும் தனியா சொல்லணும். 2004 சுனாமிக்கு அப்புறம் கடல்ல எது வித்தியாசமா நடந்தாலும் நம்ம ஊர்ல வயித்துல புளியைக் கரைக்கும், அன்னைக்கும் "திமிங்கலம் ஓடி வருதுன்னா பின்னாடி சுனாமி வருது" ன்னு ஃபோன் மேல ஃபோன், ஒரு டிவியில வேற அதையே கேள்வி மாதிரி போட்டு ஓட்டுனாங்க. சில வீட்டுல மூட்டை முடிச்சு கட்டிட்டாங்க. நீங்க தெருத்தெருவா போயி, இது முன்னாடியே நம்ம கரையில நடந்திருக்கு, 1973 ஜனவரியில பொங்கல் சமயத்துல இதே தூத்துக்குடிக்குத் தெக்க இதே ஜாதித் திமிங்கலம் 147 ஒதுங்குச்சு, அப்ப சுனாமி ஒண்ணும் வரலன்னு எடுத்துச் சொன்னீங்க. அந்த 1973 கணக்கு நமக்குக் கிடைச்சதுக்குக் காரணம் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிங்க அப்பவே வந்து எண்ணி, அளந்து, எழுதி வச்சதுதான். அவங்களுக்கும் என் நன்றி. நாப்பத்தி மூணு வருசம் கழிச்சு ஒரு கிராமத்துப் பயத்தைப் போக்க அந்த எழுத்து உதவுச்சு. ஊர்ல ரெண்டு மூணு தாத்தாமாரும் சின்ன வயசுல பாத்ததை ஞாபகம் வச்சு சொன்னாங்க, அதைக் கேட்டுத்தான் எங்க தெரு அடங்குச்சு.

வனத்துறை, மீன்வளத்துறை, போலீஸ்ல கீழ்மட்டத்துல வேலை பாக்குறவங்க, உங்களையும் மறக்கல. ஒரு ஃபாரஸ்ட் கார்டு அண்ணன் யூனிஃபார்மோட நெஞ்சளவு தண்ணியில நின்னாரு, திமிங்கலத்து மேல ஏறி நின்னு செல்ஃபி எடுக்க வந்த பயலுகள போலீஸ்காரங்க கையப் பிடிச்சு இறக்கி விட்டாங்க, நல்லா திட்டுனாங்க, திட்டுனதுக்கும் சேத்து நன்றி.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. ஜேசிபி ஓட்டுன அண்ணன்மாரு, தூய்மைப் பணியாளர்கள். உங்களப் பத்தி எந்தப் பேப்பர்லயும் ஒரு வரி இல்ல. செத்த திமிங்கலத்தை வெயில்ல விட்டா உள்ள வாயு சேந்து ஊதி வெடிக்கும், நோய் பரவும், நாய் இழுக்கும், அதனால சீக்கிரமா புதைச்சாகணும், அதுவும் பெரிய குழியா. மணல்ல குழி தோண்டுனா நிக்காது, சரிஞ்சு சரிஞ்சு விழும், அடியில தண்ணி ஊறும், அதுல நின்னு தோண்டுனீங்க. டாக்டருங்க உடம்பைப் பரிசோதிச்சு, சதை எடுத்து, ஆணா பெண்ணான்னு பாத்து, டேப்பு வச்சு நீளம் அளந்து முடிக்கிற வரைக்கும் அந்த நாத்தத்துல காத்துக்கிட்டு நின்னீங்க. மூஞ்சியில கட்டுறதுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் உங்ககிட்ட இருந்த பாதுகாப்பு. ஒரு ஜேசிபி அண்ணன், சின்னக் குட்டி ஒண்ணை வாளியில அள்ளிப் போட மனசு வராம இறங்கி வந்து, ரெண்டு பேரை சேத்துக்கிட்டு சாக்குல வச்சுத் தூக்கி குழியில இறக்குனாரு, பக்கத்துல நின்ன பொம்பளைங்க எல்லாம் குலவையும் இல்ல அழுகையும் இல்லாம அப்படியே கும்பிட்டாங்க. உயிரோட இருக்குறதைக் காப்பாத்துனவங்களுக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவும் உங்களுக்கும் உண்டு, என்னைக் கேட்டா ஒரு படி கூடவே உண்டு.

இன்னொரு நன்றி கடலுக்கு அந்தப் பக்கம். 2020 நவம்பர்ல இலங்கையில பாணந்துறையில நூத்துக்கு மேல பைலட் திமிங்கலம் ஒதுங்குச்சு, கொரோனா ஊரடங்கு நேரம், ஆனாலும் ஊர்க்காரங்களும் நேவியும் கோஸ்ட் கார்டும் ராத்திரி முழுக்க தண்ணியில நின்னு ஒவ்வொண்ணா தள்ளி, விடியறதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாத்தையும் அனுப்பிட்டாங்க. செத்தது மூணு நாலுதான். அந்த வீடியோவ நான் எத்தனை தடவ பாத்தேன்னு தெரியல. அந்த ஊர்க்காரங்களுக்கு தமிழ் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, தெரிஞ்சவங்க யாராவது அவங்ககிட்ட சொல்லிடுங்க, மணப்பாட்டுப் பக்கத்துல இருந்து ஒருத்தி கும்பிட்டான்னு.

கடைசியா ஒரு உதவி கேக்குறேன். மறுபடி எங்கயாவது ஒதுங்குனா கடலோரக் காவல் குழுமம் 1093க்கு உடனே ஃபோன் பண்ணுங்க, வாலைப் பிடிச்சு இழுக்காதீங்க, குப்புற நேரா படுக்க வச்சு ரெண்டு பக்கமும் மணலைத் தோண்டி துடுப்பு மடங்காம விடுங்க, ஈரத்துணி போடுங்க, மூக்கு ஓட்டையில தண்ணி ஊத்தாதீங்க, கூட்டத்தை தள்ளி நிறுத்துங்க. முடிஞ்சா தனித்தனியா விடாம சேத்து விடுங்க. அப்புறம் அன்னைக்கு எடுத்த ஃபோட்டோ யாருகிட்டயாவது இருந்தா, செத்த திமிங்கலம் படம் வேண்டாம், ஆளுங்க இருக்குற படம் மட்டும் எனக்கு அனுப்புங்க. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பிரிண்ட் போட்டு கொண்டுவந்து வீடு வீடா குடுக்கணும்னு இருக்கேன்.

இப்படிக்கு,
கல்லாமொழிப் பக்கத்து ஊர்க்காரி