பச்சை மழைக்கோட்டு படகுக்காரருக்கு நன்றி

ஞாயிறு மதியம் கிரேக்னமனாவிலிருந்து செயின்ட் மல்லின்ஸுக்கு, அயர்லாந்தின் பேரோ ஆற்றங்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். படகுகளை ஏற்றி இறக்கும் கேரிக்லீட் மதகுக்குப் பக்கத்தில் அத்தைக்குக் கால் பிசகிவிட்டது. கார் வர வழியில்லாத புல்பாதை. எதிர்த்திசையில் வந்த நீங்கள் படகைக் கரையில் கட்டிவிட்டு ஓடி வந்தீர்கள். மழைக்கோட்டைச் சுருட்டிக் காலுக்கு அடியில் வைத்து, அத்தையைப் படகில் உட்காரவைத்தீர்கள். மதகுக் கைப்பிடியை நீங்களே சுற்றிவிட்டு, தண்ணீர் நிரம்பும்வரை அவரிடம் ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஐரிஷ் விளையாட்டு) கதை வேறு! இப்போது வீட்டில் கில்கென்னி அணிக்கு ஒரு புது ரசிகை.

கிரேக்னமனா படித்துறையில் இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். ரொம்ப நன்றிங்க.

அப்புறம், அந்தப் பச்சை மழைக்கோட்டு எங்களிடமே தங்கிவிட்டது. இந்த ஊர் வானத்தை நம்பி அது இல்லாமல் இருக்க முடியுமா? டுயிஸ்க் மடாலயம் பக்கத்துக் கடையில் கொடுத்துவைத்திருக்கிறோம்.