வரைபடத்தில் பிழை எவ்வளவு என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரப்புத் தகராறு செய்திகள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. அதற்கு இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது, செல்போன். நான் ஜி.ஐ.எஸ்., அதாவது கணினியில் வரைபடம் போடும் வேலை பார்ப்பவன், வரைபடத் தரவுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சர்வே நம்பரைத் தட்டினால் செயற்கைக்கோள் படத்தின் மேல் எல்லைக்கோடு போட்டுக் காட்டும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. போன பங்குனியில் பக்கத்துக் காட்டுக்காரர் மகன் அப்படி ஒன்றைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்கள் கிளுவை வேலி ஓரமாக நடந்தான். வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்த பிறகுதான் அவன் போனில் நீலப்புள்ளி கோட்டைத் தொட்டது. "மாமா, எங்க காடு நாலு மீட்டர் உங்க பக்கம் இருக்குதுங்க" என்றான். அந்த வேலி என் தாத்தா வைத்தது. அப்பாவுக்கு முகமே செத்துப்போய்விட்டது.

அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் கடப்பாரை எடுத்துப் போய், சர்வேயில் எல்லைக்கு நட்ட மூலைக்கல்லைத் தேடினோம். ஒரு முழ மண்ணுக்கு அடியில் கிடந்தது. அதன் தலையில் என் போனை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கல்லும் அசையவில்லை, போனும் அசையவில்லை, ஆனால் அந்த நீலப்புள்ளி மெதுவாக நகர்ந்து முருங்கை மரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்த வெளியில் சாதாரண செல்போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் முன்பின்னாகக் காட்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் ஆறரை மீட்டர்கூட வராது. ஒரு சென்ட் அகலத்தில் முக்கால்வாசி தடுமாறுகிற கருவியை வைத்துக்கொண்டு எல்லை பார்த்தால் எப்படி?

போன் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கோடே சரியா என்பது தனிக் கேள்வி. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அரசு வைத்திருக்கும் அளவுப் படமான நம் புலப்படம், அதாவது எஃப்.எம்.பி., அட்சரேகை தீர்க்கரேகை பார்த்து வரைந்ததில்லை. கல்லுக்குக் கல் சங்கிலி பிடித்து, நடுவில் ஜி-லைன் என்கிற நேர்கோடு ஓட்டி, வரப்பு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாகத் தூரம் (ஆப்செட்) அளந்து போட்டது. அந்தப் புலத்துக்குள் அது கச்சிதமாக வேலை செய்யும். அதையே தூக்கிச் செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்க வேண்டுமென்றால் நாலைந்து கல்லையாவது நேரில் போய், செல்போனைவிடப் பல மடங்கு துல்லியமான டி.ஜி.பி.எஸ். கருவி வைத்து அளந்தாக வேண்டும். ரோட்டையும் வாய்க்காலையும் பார்த்துக் கண்ணளவில் இழுத்துப் பொருத்தினால் ஒரு மூலை சரியாக உட்காரும், இன்னொரு மூலை அடுத்தவர் காட்டுக்குள் போய் நிற்கும். மலை, ஆறு, ஊர் எல்லாம் காட்டும் பழைய டோப்போ வரைபடங்களில் வேறு ஒரு சிக்கல், அவை 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற நில அளவை அதிகாரி கணித்த பூமி வடிவத்தை வைத்தவை, ஜி.பி.எஸ். கணக்கு வேறு, மாற்றாமல் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று போட்டால் நம் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும்.

எந்த அளவையிலும் பிழை உண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னைப் பரங்கிமலையில் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளக்கத் தொடங்கினார், பெரும்பாக்கம் வரை ஏழரை மைல்தான், அதற்கு 57 நாள் ஆனது. நூறு அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு வெயிலை மறைத்து, பக்கத்தில் வெப்பமானியும் வைத்து அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும், எவ்வளவு நீண்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? இந்தியாவை அளக்கும் வேலை அப்படித்தான் நம் ஊரில் தொடங்கியது. இன்றைய ஆப்பில் பளிச்சென்று மஞ்சள் கோடு மட்டும் இருக்கிறது, அது எத்தனை மீட்டர் முன்பின் என்று எங்கேயும் காணோம்.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திய பிறகு இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி வாங்காமலே வரைபடத் தரவைச் சேகரிக்கலாம், வெளியிடலாம். நல்ல விஷயம், என் வேலையே அதனால்தான் பெருகியது. ஆனால் அதோடு ஒரு கட்டாயமும் வர வேண்டும். நில எல்லை காட்டும் எந்த வரைபடமானாலும், அரசு போட்டாலும் தனியார் போட்டாலும், படத்தின் மேலேயே தமிழில் ஒரு வரி: "இந்தக் கோடு இத்தனை மீட்டர் வரை தள்ளி இருக்கலாம், எல்லைக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது." எங்கேயோ நிபந்தனைப் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் போட்டால் போதாது.

எங்கள் விஷயத்தில் மனுப் போட்டு, நில அளவர் வந்து, கற்களை எடுத்து டேப் பிடித்துப் பார்த்தார். வேலி கல்லுக்கு நேராகத்தான் இருந்தது. சரி, அளவை முடிந்தது. ஆனால் ஆவணியில் எங்கள் வீட்டுச் சீருக்கு அவர்கள் வரவில்லை. நாப்பது வருஷப் பழக்கம்.

அப்புறம் ஒன்று. ஜி.பி.எஸ். பிழையைத் திருத்திக் கொடுக்கும் கார்ஸ் நிலையங்கள் வந்துவிட்டதால் இப்போது ஒரு கல்லின் இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் குறிக்க முடிகிறது. கல் பல இடங்களில் உழவில் பெயர்ந்தும், ரோடு போடும்போது புதைந்தும் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சம் இருக்கும் மூலைக்கற்களையாவது ஒவ்வொரு கிராமமாக அளந்து, அந்த எண்களைப் புலப்படத்தோடு சேர்த்து எல்லாரும் பார்க்கிற மாதிரி போட வேண்டும். கற்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஜி.ஐ.எஸ். பணியில் இருக்கும் ஒரு வாசகன்,
ஈரோடு மாவட்டம்.