எங்கள் பாட்டியைத் தாங்கிய கைகளுக்கு

பாட்டியின் கடைசி மாதங்களில் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

ஆயுள் முழுக்க இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருந்து மற்றவர்களை எழுப்பி நடக்கவைத்தவர், பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தபின் உங்கள் கைகளை நம்பிப் படுத்திருந்தார். பொத்தாம்பொதுவான பாராட்டு அவருக்கு ஆகாது. நோயாளியின் குறிப்பேட்டில் மாணவர்கள் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதினால், ஓரத்தில் 'மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது?' என்று சிவப்பு மையில் கேட்டிருப்பார். ஆகவே யார் என்ன செய்தீர்களோ அதைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி இரவுப் பணி பார்த்த செவிலியர் சகோதரிக்கு. காற்று மெத்தை போட்டாயிற்று, இனிப் புரட்டத் தேவையில்லை என்று பல வீடுகளில் விட்டுவிடுவார்கள். மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. நீங்கள் இரண்டு மணிக்கொரு முறை புரட்டினீர்கள். அதுவும் நேர் பக்கவாட்டில் படுக்கவைக்காமல், முதுகுக்குப் பின்னே தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்கு மட்டும் சாய்த்தீர்கள். முழுக்கச் சாய்த்தால் பாரம் அத்தனையும் இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் தொடையெலும்பு முனையில் இறங்கிவிடும். கெண்டைக்கால் நெடுக்கத் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டீர்கள். கீழே சரிந்தவரை மேலே ஏற்றும்போது ஒருவராக இழுக்காமல் இன்னொருவரைக் கூப்பிட்டு, உடலுக்கடியில் குறுக்காகப் போட்ட விரிப்போடு தூக்கி நகர்த்தினீர்கள். இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். படுக்கைப் புண் பாதிக்குப் பாதி அங்கேதான் தொடங்குகிறது என்பது பாட்டியின் கட்சி.

அன்போடு ஒருவர் வாங்கிவந்த வளைய வடிவ மெத்தையை மனம் நோகாமல் ஓரங்கட்டியதற்கும் நன்றி. வளையம் சுற்றியுள்ள சதையை நெருக்கி, நடுப்பகுதிக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்துவிடும். எங்கள் நிறத்துத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. ஒவ்வொரு முறையும் புட்டத்து எலும்பு, குதிகால், முழங்கை என்று புறங்கையால் தொட்டுச் சூடு, கெட்டி, கொழகொழப்பு பார்த்தீர்கள். சூடு தெரிந்த இடத்தைத் தேய்க்காமல் அந்தப் பக்கம் படுக்கவைப்பதைத் தவிர்த்தீர்கள். கடைசிவரை தோல் எங்கும் கிழியவில்லை. பாட்டி தொழில்முறையில் பெருமைப்பட்டிருக்கக்கூடிய விஷயம் இது.

சமையலும் ஊட்டலும் பார்த்த அக்காவுக்கு: தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே கிடப்பதைப் பார்த்துப் பசியில்லை என்று முடிவுகட்டாமல், தட்டைத் திருப்பிவைத்தீர்கள். மீதியையும் சாப்பிட்டார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருக்கு நினைவில் நிற்காது. கண் நன்றாக இருந்தும் பார்க்கமாட்டார்கள். தண்ணீர்தான் எளிதில் புரையேறும் என்பதால் கெட்டிப்படுத்திக் கொடுத்தீர்கள். நேராக உட்காரவைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். இடக் கன்னத்தில் ஒதுங்கிய பருக்கையை விரலில் துணி சுற்றி எடுத்தபிறகே வாய் கொப்பளிப்பு. சாப்பிட்டதும் படுக்கவிடாமல் அரை மணி நேரம் உட்காரவைத்தீர்கள். இருமல் இல்லாமலும் உணவு மூச்சுக்குழலில் இறங்கலாம். குரல் ஈரமாகக் கரகரத்தால் ஊட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டீர்கள்.

தினமும் வந்த இளம் பிசியோதெரபிஸ்ட் தம்பிக்குப் பரீட்சையே அதுதான்: ஆசிரியருக்கே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது! அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எல்லோரும் செய்வது. செயலிழந்த தோளில் மூட்டைப் பிடித்துவைக்கும் தசை தளர்ந்திருக்கும். அங்கே இழுத்தால் மூட்டு நழுவி, பக்கவாதத்தைவிடத் தோள்வலி பெரும்பாடாகிவிடும். நீங்கள் இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்தீர்கள். கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து, வலுவிழந்த முழங்காலை உங்கள் முழங்காலால் அணைகொடுத்து, 'மூக்கு கால்விரலைத் தாண்டட்டும்' என்ற அவருடைய சொல்லையே அவரிடம் சொன்னீர்கள். உதவுபவர் முகத்துக்கு நேரே ஒட்டி நின்றால் நோயாளி முன்னால் குனிய இடமிருக்காது, பின்னால்தான் சாய்வார். ஒரு பக்கம் ஒதுங்கி நின்று அந்த இடத்தை விட்டீர்கள். 'சட்டை போடும்போது இடக்கை முதலில், கழற்றும்போது இடக்கை கடைசியில்' என்று சுவரில் ஒட்டிய தாளும் எங்கள் எல்லோருக்கும் பயன்பட்டது.

குளியலறையில் கைப்பிடி பொருத்திய கொத்தனார் அண்ணன், சுவரில் பதித்த டைல்ஸோடு நிறுத்தாமல் செங்கல் வரை துளைத்து முடுக்கினார். டைல்ஸை மட்டும் பிடித்த கைப்பிடி, ஆள் விழும்போது கூடவே வந்துவிடும். உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியதும் அவர் யோசனையே. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் யாராலும் திறக்க முடியாது. மருத்துவர், மருந்துக் கடைக்காரர், நாற்காலியோடு மாடிப்படி இறக்கிய பக்கத்துவீட்டு இளைஞர்கள் எல்லோரையும் மறக்கவில்லை.

பாட்டியைப் பார்க்க வந்த பழைய நோயாளிகளுக்குத் தனி நன்றி. இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளுக்குக் காலிபர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) மாட்டிப் பழக்கிய காலத்தில் தொடங்கியவர் அவர். தொடுவதற்கு முன் இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். நகம் விரல்நுனிக்கு மேல் வளர்ந்ததில்லை. முழங்கால் அறுவை முடிந்தவர்களிடம் கோணமானியை வைத்து, 'நடக்க எழுபது டிகிரிக்குள் மடங்கினால் போதும், படி இறங்கத் தொண்ணூறு வேண்டும், நாற்காலியிலிருந்து எழ இன்னும் கொஞ்சம்' என்று இலக்கு வைப்பார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருப்பதைக் கண்டால் மட்டும் கோபம் வரும். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிப்போகும். 'ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது வலிக்கிற கால்', 'கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில்' என்று வந்தவர்கள் நீங்கள் கோரஸாகச் சொன்னபோது, வாயின் வலப்பக்கத்தால் சிரித்தார்.

பேரப்பிள்ளைகளுக்கும் அதே வைத்தியர்தான். குழந்தைகளை நடைவண்டியில் நிற்கவைக்கவிடாமல் தரையில் குப்புறப் போட்டு எதிரே தானும் படுத்துக்கொள்வார்; கழுத்தும் தோளும் உறுதிப்படுவது அங்கேதான். பள்ளிப் பையைத் தராசில் நிறுத்து, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு தாண்டினால் புத்தகத்தை வெளியே எடுப்பார். 'நிமிர்ந்து உட்கார்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. உட்கார்ந்தே இருந்தால், எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார், தாகமில்லாதபோதும்.

அவருக்காக வாங்கிய சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை மூன்றையும் சுத்தம்செய்து வைத்திருக்கிறோம். தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம். வாக்கரின் நான்கு ரப்பர் புஷ்ஷும் புதியவை. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். வந்தால் அளவு வைத்துத் தருகிறோம். நாற்காலியில் உட்கார்ந்தபின் தொடைக்கு இருபுறமும் விரல் நுழைய இடமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தையை விரித்ததும், படுத்திருப்பவரின் புட்டத்துக்கு நேர்கீழே மெத்தைக்கடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை, பம்பைக் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
பாட்டியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவரிடம் தொழில் படித்தவர்கள்