நாடாவை வாங்க மறுபக்கம் ஆள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாத இதழில் ஆறு பகுதிகளாக வெளிவந்து சென்ற மாதம் நிறைவுற்ற சூப்பர் ஹீரோ சித்திரத் தொடரைப் பற்றி எழுதுகிறேன். பவானியில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் ஊர் ஜமுக்காள நெசவாளர் ஒருவரின் மகன், கூடுதுறையில் முங்கி எழுந்த ஒரு விடியற்காலையில், தொட்ட நூலெல்லாம் இரும்பாகிவிடும் ஆற்றலைப் பெறுகிறான் என்ற அறிவிப்பைத் தங்கள் இதழில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலந்தொட்டு, வெளிநாட்டு நகரங்களில் சாகசம் செய்த நாயகர்களையே நாம் தமிழில் படித்து வளர்ந்தோம். காலிங்கராயன் வாய்க்கால் கரையிலிருந்து ஒருவன் கிளம்பி வருவதைப் பார்க்க ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தோம் என்பதால்தான், தொடர் முடிந்த விதம் இவ்வளவு மனத்தாங்கலைத் தருகிறது.

முதல் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அகலமான ஜமுக்காளத்துக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் விடும் நாடாவை, அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்து செல்லும் கட்டையை, மற்றவர் வாங்கித் திருப்பிவிட வேண்டும். இதை ஓவியர் நேரில் வந்து பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். தகப்பன் விட்ட நாடா மகன் கைக்கு வருகிறது. மகன் தொட்டதும் ஊடை நூல் கம்பியாக விறைத்து, தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலை அறுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பக்கத்தில் பேச்சே கிடையாது. அறுந்த இழைகளைத் தகப்பன் ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்க்கும் கடைசிக் கட்டத்தில், அவர் முகத்தில் தெரிவது பயமா, பாவு வீணாகிப் போன கவலையா என்று நானும் என் மனைவியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கதை இந்த நடையிலேயே போகும் என்று நம்பினேன்.

இரண்டாம் பகுதியின் மூன்றாவது பக்கத்தில் நாயகன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அதன்பின் முடிவு வரை தகப்பன் வரவே இல்லை. இரண்டு ஆள் தறியில் ஓர் ஆள் எழுந்து போனால் தறி நின்றுவிடும் என்பது நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். மகன் ஊரைக் காப்பாற்றக் கிளம்பியதற்கு முதல் விலை கொடுத்தவர் அந்த மனிதர். வாங்கிய முன்பணத்துக்கு அவர் என்ன செய்தார், மகன் இருந்த இடத்தில் யாரை உட்கார வைத்தார், அந்தப் புதிய ஆளின் கைவாகு இவருக்கு ஒத்து வந்ததா என்பதில் கதை அக்கறை காட்டவில்லை. நாயகனும் ஓரிடத்தில்கூட அதை நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்திருந்தால் அவன் இன்னும் பெரிய நாயகனாகியிருப்பான்.

நாயகனின் நண்பன் வில்லனாக மாறும் கட்டம் இதைவிடக் குறைபட்டது. மூன்றாம் பகுதியில் அவன் சாயப்பட்டறையில் கூலி வேலை பார்ப்பவன். நகக்கண்ணில் நீலச்சாயம் போகாதவன். நாயகனுக்காக அடி வாங்குகிறவன். நான்காம் பகுதி தொடங்கும்போது பட்டறை முதலாளியின் வலக்கையாக, இரும்பையும் அரிக்கும் சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். இடையில் நடந்ததற்கு, ‘பொறாமை அவனை மாற்றியிருந்தது’ என்ற ஒரே ஒரு குறிப்புக் கட்டம்தான் உண்டு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, “அப்பா, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒரு புக்கு வந்துச்சுங்களா? நாம வாங்காம உட்டுட்டமா?” என்று கேட்டாள். கேட்டதோடு நில்லாமல், பரண்மேல் இருந்த இதழ்க்கட்டை இறக்கி, அட்டைகளில் மாதத்தை வரிசையாகச் சரிபார்த்தாள். எல்லா இதழும் இருந்தன. விட்டுப்போனது கதையில்தான்.

நல்லவன் கெட்டவனாவதும் கெட்டவன் நல்லவனாவதும் இவ்வகைக் கதைகளின் உயிர்நாடி. நமக்கெல்லாம் பிரியமான இரும்புக்கை மாயாவி, 1962-இல் ஆங்கில வார இதழில் தொடங்கியபோது நல்லவன் அல்லன். உருமறையும் ஆற்றல் தலைக்கேறிக் குற்றத்தில் இறங்கியவன், பின்னர்தான் நிழற்படையின் உளவாளியானான். வாரம் ஓரிரு பக்கமாக வந்த கதையிலேயே அந்த மாற்றத்துக்கு இடம் இருந்தது.

பக்கம் போதவில்லை என்று தங்கள் கதாசிரியர் கருதக்கூடும். அதே 1962-இல் ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய கதை மொத்தம் 11 பக்கம். ஏளனத்துக்கு ஆளாகும் பள்ளி மாணவன், சிலந்திக்கடி, புதிய பலத்தைக் காட்டிப் பணம் பார்க்கும் ஆசை, எனக்கென்ன என்று ஒரு திருடனைத் தப்பவிடும் அலட்சியம், அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றுவிட்டான் என்று அறியும் இரவு ஆகிய அத்தனையும் அந்த 11 பக்கத்துக்குள் அடங்கின. பையன் எடுக்கும் தவறான முடிவை நாம் கண்ணால் பார்க்கிறோம் என்பதால் அதில் அவசரம் தெரியவில்லை. தங்கள் தொடருக்கோ, பகுதிக்கு 16 வீதம் 96 பக்கங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், அவற்றில் 58 பக்கம் சண்டை. பவானிசாகர் அணைமேல் நடக்கும் சண்டை மட்டும் 14 பக்கம் ஓடுகிறது. ஓவியரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் அதில் நான்கு பக்கத்தை அந்த நண்பனுக்குக் கொடுத்திருக்கலாம். கூலி குறைந்த ஒரு சனிக்கிழமை, நாயகனின் படம் ஒட்டிய டீக்கடைச் சுவர், தன்னை ஒருவரும் கேட்காத ஒரு கூட்டம் என்று சில காட்சிகள் போதும். குறிப்புக் கட்டமே தேவைப்பட்டிருக்காது.

ஐந்தாம் பகுதியில் நாயகனின் அக்கா இறக்கிறாள். அதற்கு முன் அவள் ஏழு கட்டங்களில் வருகிறாள். அவற்றில் மூன்றில் காபி கொண்டு வருகிறாள். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் 1965-இல் அறிமுகமாகி 1973-இல் இறந்தாள். இடைப்பட்ட ஏழெட்டு ஆண்டுகள் அவளோடு பழகியதால்தான் அந்த இதழை வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை. அத்தனை ஆண்டுகளை நான் கேட்கவில்லை. அக்காவுக்கு என்ன பிடிக்கும், தம்பியோடு எதற்காகச் சண்டை போடுவாள் என்பதாவது தெரிந்திருந்தால், அவள் பாடையை நாயகன் தன் நூலால் கட்டும் அந்த அருமையான முழுப்பக்கப் படம் எங்களைக் கலங்க அடித்திருக்கும். நாங்கள் படத்தின் அழகைத்தான் பார்த்தோம்.

வரும் தை இதழிலிருந்து இரண்டாம் பாகம் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சண்டையே இல்லாத ஒரு பகுதி வந்தாலும் நாங்கள் இதழை வாங்காமல் விடமாட்டோம் என்பதைக் கதாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். புதிய வில்லனைக் கொண்டுவரும் முன், நாயகனை ஒருமுறை வீட்டுக்கு அனுப்புங்கள். தகப்பன் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கட்டும். பக்கத்தில் வேறொரு பையன் நாடாவை வாங்கிக்கொண்டிருக்கட்டும். வாசற்படியில் நிற்கும் மகனைப் பார்த்து அவர் என்ன சொல்வார் என்று என் மகளும் நானும் இப்போதே பந்தயம் கட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பவானி, ஈரோடு மாவட்டம்.