எல்லா ஃபைலுக்கும் ஆடிட் கேட்கும் தணிக்கைக் குழுவினருக்கு

வணக்கம். வருடம் தவறாமல் உங்கள் அறிக்கையில் ஒரு வரி வருகிறது: ஏஎஸ்/400-இல் (ஐபிஎம் மெஷின்) உள்ள எல்லா ஃபைலுக்கும் ஆப்ஜெக்ட் ஆடிட்டிங்கை ‘ஸ்டார் ஆல்’ ஆக்கவும், அதாவது யார் படித்தாலும் மாற்றினாலும் பதிவாக வேண்டும். எழுத ஒரு நிமிடம்தான் ஆகும். போட்ட அன்று ராத்திரி பேட்ச் (மொத்தமாக ஓடும் வேலைகள்) முடியாமல் இழுக்கும், காலையில் கிளைகளிலிருந்து "சிஸ்டம் ஸ்லோ" என்று போன் வரும், திட்டு மட்டும் எங்களுக்கு.

1988-இல் வந்த நாளிலிருந்தே இந்த மெஷினில் பாதுகாப்பு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃபைலைத் திறக்கும்போதுதான் அனுமதி பார்க்கும், ரெக்கார்டுக்கு ரெக்கார்டு பார்க்காது. ஆக, எத்தனை ரெக்கார்டு படிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை திறந்து மூடுகிறோம் என்பதில்தான் செலவு. பழைய ஆர்பிஜி மொழிப் புரோகிராம் ஒன்று எல்ஆரை, அதாவது ‘வேலை முடிந்தது, ஃபைல்களை மூடு’ என்ற குறியை, ஆன் செய்துவிட்டுத் திரும்புகிறது, அதை லூப்பில் லட்சம் தடவை கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். உள்ளே நாலு ஃபைல் இருந்தால் நாலு லட்சம் ஓப்பன், நாலு லட்சம் அனுமதிச் சோதனை, உங்கள் ஸ்டார் ஆல் புண்ணியத்தில் ஆடிட் ஜர்னலில் (தணிக்கைப் பதிவேடு) நாலு லட்சம் ‘இசட்ஆர்’ என்ட்ரி, அதாவது ‘படித்தார்’ என்ற பதிவு. இந்தப் பதிவுகள் போய்ச் சேரும் ரிசீவர்கள் டிஸ்க்கை நிரப்பும். அந்தக் குப்பைக்குள் நிஜமான திருட்டுத்தனம் ஒன்று கிடந்தால் யார் தேடுவது, நீங்களா?

எல்ஆரைக் கவனிப்பது எங்கள் வேலை. நீங்கள் சம்பளம், வாடிக்கையாளர் கணக்கு மாதிரி எந்த ஃபைலை யார் படித்தாலும் தெரிய வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அதற்கு ஸ்டார் ஆல் போடுகிறோம். மற்றதற்கு ‘சேஞ்ச்’ (மாற்றினால் மட்டும் பதிவு) போதும். ஒவ்வொரு ஆடிட் என்ட்ரியையும் உடனே டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று ஃபோர்ஸ் லெவலை 1 ஆக்கவும் சொல்லாதீர்கள், அதைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். (ஆடிட் எழுத முடியாவிட்டால் மெஷினையே அணைத்துவிடும் செட்டிங்கும் உண்டு. தயவுசெய்து அதைக் கண்டுபிடித்துவிடாதீர்கள்.)

அப்புறம் ஆளுக்கு ஆள், ஃபைலுக்கு ஃபைல் தனி அனுமதி கேட்கிறீர்கள். அதெல்லாம் யூசர் புரொஃபைலில் (ஒவ்வொருவரின் பயனர் பதிவு) போய்ச் சேர்ந்து வீங்கும். செக்யூரிட்டி டேட்டா பேக்கப்பில் கொஞ்சம் தெரியும், பேரிடர் ஒத்திகையில் அனுமதிகளைத் திரும்பப் போடும்போது நன்றாகவே தெரியும். பலருக்குச் சேர்த்து அனுமதி தரும் குரூப் புரொஃபைலும், பல ஃபைலுக்குச் சேர்த்து அனுமதி வைக்கும் ஆதரைசேஷன் லிஸ்ட்டும் எதற்கு இருக்கின்றன?

நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டியது வேறு. ‘ஆல்ஆப்ஜெக்ட்’ (எதையும் தொடலாம் என்ற சிறப்பு அனுமதி) உள்ளவருக்குச் சோதனை முதல் படியிலேயே முடிந்துவிடும், அதனால் வேகம் என்ற பெயரில் டெவலப்பருக்கும் சர்வீஸ் ஐடிக்கும் அதை அள்ளிக் கொடுத்திருப்பார்கள். யார் யாரிடம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அடுத்த அறிக்கையின் முதல் வரியிலேயே கேளுங்கள். பதில் சொல்லக் கஷ்டப்படுவோம், பரவாயில்லை.