டெட்ராய்ட்டைச் சாய்த்தது டொயோட்டாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா இறக்குமதி கார்களுக்கு விதித்துள்ள வரியைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பானிய, கொரிய, ஜெர்மானிய நிறுவனங்கள் உள்ளே நுழைந்ததால்தான் அமெரிக்கக் கார்த் தொழில் நொடித்துப்போனது என்ற எண்ணமே அக்கட்டுரை முழுவதும் இழையோடுகிறது. வாகன உதிரிபாகத் தொழிலில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கணிப்பு பாதி உண்மைதான் என்பது என் கருத்து. விடுபட்டுப்போன மறுபாதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், எது உள்நாட்டுக் கார், எது வெளிநாட்டுக் கார் என்பதே அங்கு அத்தனை தெளிவாக இல்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உதிரிபாகங்களின் மதிப்பில் எத்தனை விழுக்காடு அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்யப்பட்டவை, கார் எந்த ஊரில் பாகங்களை இணைத்துப் பூட்டப்பட்டது, எஞ்சினும் கியர்பாக்ஸும் எந்த நாட்டவை என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஃபோர்டின் மேவரிக் பிக்கப் மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் பூட்டப்படுகிறது என்பதையும், டொயோட்டாவின் கேம்ரி கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனிலிருந்து வருகிறது என்பதையும் வாங்குபவர் அந்தச் சீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். அமெரிக்க நிறுவனமாகவே அறியப்பட்ட கிறைஸ்லர் இன்று நெதர்லாந்தில் பதிவு செய்யப்பட்ட ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்துக்குச் சொந்தம். மதிப்பின் அடிப்படையில் அமெரிக்காவிலிருந்து மிக அதிகமாகக் கார் ஏற்றுமதி செய்துவருவதாகப் பெயர் பெற்றது, தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலை. நம் மறைமலைநகரில் செய்த ஈகோஸ்போர்ட் கார்களைக்கூட ஃபோர்டு சில ஆண்டுகள் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி விற்றது. அங்கே அதை வாங்கியவர்களில் எத்தனை பேர் உள்நாட்டு நிறுவனத்தை ஆதரிப்பதாக நினைத்து வாங்கினார்களோ!

அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகராக விளங்கிய, மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரின் சரிவு டொயோட்டாவோடு தொடங்கவில்லை. 1950-இல் அந்நகரின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம், 1970-இல் சுமார் 15.1 லட்சம். ஜப்பானியக் கார்கள் அமெரிக்கச் சாலைகளில் பெருகியதெல்லாம் அதற்குப் பிறகுதான். பேக்கார்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற டெட்ராய்ட் ஆலை 1956-லேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் புது ஆலைகளை நகருக்கு வெளியே, புறநகர்களிலும் பிற மாநிலங்களிலும், பரந்த நிலத்தில் ஒரே தளமாகக் கட்டத் தொடங்கின. 1961-இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில் உலகின் முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு வந்தது. நகரம் தேய்வதற்கு இவையே போதுமான காரணங்களாக இருந்தன. அவற்றில் அந்நியர் எவருக்கும் பங்கில்லை.

அந்நியப் போட்டி உண்மையிலேயே உறைத்தது 1970-களில். எண்ணெய் விலை இருமுறை ஏறியபோது, சிக்கனமான சிறிய காரை லாபத்துக்குச் செய்யத் தெரிந்தவர்கள் ஜப்பானியர்களாக இருந்தார்கள். கிறைஸ்லர், 150 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்ததால் பிழைத்தது. 1981-இல் அமெரிக்க அரசின் நெருக்குதலுக்கு இணங்கி, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ‘தானாக முன்வந்து’ ஒப்புக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்த விவகாரம் முழுவதிலும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் இந்த ஒப்பந்தம்தான். கட்டுப்பாடு கார்களின் எண்ணிக்கைக்கே தவிர விலைக்கு இல்லை. எனவே ஜப்பானிய நிறுவனங்கள் மலிவான காருக்குப் பதில் பெரிய, விலை கூடிய கார்களை அனுப்பத் தொடங்கின. 1986-இல் ஹோண்டாவின் அக்யூராவும், 1989-இல் டொயோட்டாவின் லெக்ஸஸும் நிஸானின் இன்ஃபினிட்டியும் வந்து, அதுவரை அமெரிக்கச் சொகுசுக் கார்களான காடிலாக்கும் லிங்கனும் ஆண்ட இடத்திலேயே போட்டிக்கு நின்றன. இன்னொரு பக்கம், கார்களை அமெரிக்க மண்ணிலேயே செய்யும் போக்கு வேகம்பிடித்தது. ஒப்பந்தத்துக்கு முன்பே முடிவெடுத்திருந்த ஹோண்டா 1982 நவம்பரில் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு கார்களைச் செய்யத் தொடங்கியது; 1983-இல் டென்னஸியில் நிஸான் வந்தது. சரக்குத் தட்டுப்பாட்டில் விலையும் ஏற, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகிய டெட்ராய்ட் நிறுவனங்களும் நல்ல லாபம் பார்த்தன. அந்த அவகாசத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது என்ன? 1984-இல் சுமார் 250 கோடி டாலருக்கு இ.டி.எஸ். என்ற கணினிச் சேவை நிறுவனத்தையும், அடுத்த ஆண்டே சுமார் 500 கோடி டாலருக்கு ஹியூஸ் என்ற விமான, செயற்கைக்கோள் நிறுவனத்தையும் வாங்கியது. பின்னாளில் இரண்டையும் கைவிட்டது.

இதைவிடப் பழையது 1964-ஆம் ஆண்டின் ‘கோழி வரி’. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் வரி போட்டதற்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள்; வரி மட்டும் இன்றுவரை இருக்கிறது. வெளிநாட்டுப் போட்டியாளர்களின் பிக்கப் டிரக் (பின்புறம் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு டிரக்) எளிதில் வர முடியாது என்ற பாதுகாப்பில் டெட்ராய்ட் தன் லாபம் முழுவதையும் பிக்கப் டிரக்கில் தேடப் பழகிக்கொண்டது. சிறிய காரை நன்றாகச் செய்யும் அக்கறை தேய்ந்தது. 2018-இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் செடான் கார்களைப் படிப்படியாக விட்டுவிடுவதாகவே அறிவித்தது.

அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலைத்திறன் இல்லை, அதனால்தான் தோற்றார்கள் என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் ஆலைக் கதை அவர்களுக்குப் பதில். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982-இல் இழுத்து மூடியது. வேலைக்கு வராதவர் எண்ணிக்கையிலும், குடித்துவிட்டு வேலை செய்வதிலும், நிர்வாகத்தோடு ஓயாத சண்டையிலும் பெயர்கெட்ட ஆலை அது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை மீண்டும் திறந்தபோது, அதே தொழிற்சங்கத்தை ஏற்று, பெரும்பாலும் அதே ஆட்களையே வேலைக்கு எடுத்தார்கள். ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அசெம்பிளி லைன் நெடுக ஒரு கயிறு ஓடும். ஒரு போல்ட் சரியாகப் பூட்டவில்லை என்றால்கூட, அங்கே நிற்கும் கடைநிலைத் தொழிலாளி அதை இழுக்கலாம், குழுத்தலைவர் ஓடிவருவார், கார் அடுத்த நிலைக்கு நகர்வதற்குள் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். பழைய நிர்வாகத்தில் லைனை நிறுத்துவது பெருங்குற்றம். குறையுள்ள கார் குறையோடே கடைசிவரை போய், முற்றத்தில் வரிசையில் நின்று, பிறகு யாராவது பிரித்துச் சரிசெய்வார்கள். தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் கனம் தெரியும். பிழையை அது பிறந்த இடத்திலேயே பிடிப்பதற்கும், கடைசியில் தேடிப் பிடிப்பதற்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்குமானது. விரைவிலேயே அந்த ஆலையின் கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்கு இணையான தரத்தை எட்டின. வேடிக்கை என்னவென்றால், பின்னர் அந்த ஆலையில் செய்த ஒரே கார் டொயோட்டா கரோலா என்றும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிஸம் என்றும் இரு பெயர்களில் விற்றது. செய்த கைகள் ஒன்றே, ஆனாலும் மக்கள் கரோலாவையே அதிகம் வாங்கினார்கள். டெட்ராய்ட் தன் பெயரை அந்த அளவுக்குக் கெடுத்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே இருந்த இந்தப் பாடத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸுக்கு நெடுங்காலம் பிடித்தது. 2009-இல் அது திவாலாகி, சுமார் 5,000 கோடி டாலர் அரசுப் பணத்தில் மீண்டது.

‘அந்நியன் வந்து கெடுத்தான்’ என்ற பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கார்களைப் பொது இடத்தில் சம்மட்டியால் அடித்து நொறுக்கிய அந்தக் காலத்தில், 1982 ஜூன் மாதம், டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களில் ஒருவர் கிறைஸ்லரில் மேற்பார்வையாளர். சின்னை ஜப்பானியர் என்று எண்ணி, எங்கள் வேலை போனதற்கு நீங்கள்தான் காரணம் என்ற பொருளில் அவர் வசைபாடியதாகச் சாட்சி சொல்லப்பட்டது. மாநில நீதிமன்றம் கொடுத்த தண்டனை மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும் மட்டுமே.

இனி, கட்டுரையில் உள்ள பாதி உண்மைக்கு வருகிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் ஆலை கட்டினாலும், மிச்சிகனில் போன வேலை மிச்சிகனுக்குத் திரும்பவில்லை. 1993-இல் மெர்சிடிஸ் ஆலையைப் பெற அலபாமா மாநிலம் 25 கோடி டாலருக்கும் மேல் சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. (ஆலைக்காக மாநிலங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சலுகை தருவது நமக்கும் பழகிய காட்சிதானே.) தொழிற்சங்கம் வலுவாக இல்லாத தென்மாநிலங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்கள் போயின. 1979-இல் சுமார் 15 லட்சமாக இருந்த வாகனத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை இன்று 4 லட்சத்துக்கும் கீழே. ஆனாலும் 2023-இல் அச்சங்கம் மூன்று டெட்ராய்ட் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தம் செய்து 25 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்ற சில வாரங்களிலேயே, சங்கமே இல்லாத டொயோட்டாவும் ஹோண்டாவும் ஹூண்டாயும் தாங்களாகவே ஊதியத்தை உயர்த்தின. ஊதியத்தைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் தேசம் அல்ல, தொழிலாளியின் பேரம்பேசும் வலிமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2024-இல் டென்னஸியின் ஃபோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். அடுத்த மாதமே அலபாமாவின் மெர்சிடிஸ் தொழிலாளர்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

மேலும், பெரிய இழப்பு கார் பூட்டும் ஆலைகளில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் உற்பத்தித்துறை வேலைகள் 1979-இல் சுமார் 1.95 கோடி, 2010 தொடக்கத்தில் சுமார் 1.15 கோடி. இதில் பெரும்பகுதி 2000-க்குப் பின், 2001-இல் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்ததை ஒட்டிய ஆண்டுகளில் போனவை. உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சும் டையும் செய்யும் சிறு பட்டறைகள், வார்ப்பாலைகள், வயரிங் கட்டும் கூடங்கள் ஆகியவை ஓசையின்றி மூடப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிந்த டெல்ஃபை நிறுவனமே 2005-இல் திவாலுக்கு மனு கொடுத்தது. பூட்டும் ஆலையை இரண்டு, மூன்று ஆண்டுகளில் கட்டிவிடலாம். டை செய்யும் கைத்திறனை ஒரு தலைமுறை விட்டுவிட்டால் திரும்ப வளர்ப்பது எளிதல்ல.

2025 ஏப்ரலில் வந்த 25 விழுக்காடு கார் வரி இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று தங்கள் கட்டுரையாளர் நம்புகிறார். அதே ஆண்டில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்த விதிகளை நிறைவு செய்து மெக்சிகோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் கார்களுக்கோ, அமெரிக்கப் பாகங்களின் மதிப்பைக் கழித்து, மீதிக்கு 25 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். ஜப்பான் உடன்பாடு அறிவிக்கப்பட்டபோது உடனே எதிர்ப்புத் தெரிவித்தது டெட்ராய்ட் நிறுவனங்களின் சங்கம்தான். அமெரிக்கப் பாகம் ஏதும் இல்லாத ஜப்பான் காருக்குக் குறைந்த வரி, அமெரிக்க எஞ்சினும் எஃகும் சேர்ந்து மெக்சிகோவில் பூட்டப்பட்ட எங்கள் காருக்குக் கூடுதல் வரியா என்பது அவர்கள் கேள்வி. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இந்த முறையீட்டையும், இதே பாதுகாப்பை 1981-இல் பெற்றவர்கள் அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்,
அம்பத்தூர், சென்னை